டைனமோவுக்கும் லித்தியத்துக்கும் நடுவே ஏழு மீட்டர் செம்பு

தர்மபுரி மாவட்டத்தில் டிரெய்லர் என்றால் டிராக்டர் டிரெய்லர்தான். பாலக்கோடு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் கரும்பு ஏற்றிக்கொண்டு, பின்னால் வருகிற பஸ் டிரைவரின் பொறுமையைச் சோதித்தபடி அசைந்து அசைந்து போகும். படுக்கை, ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் வைத்து, பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் பயண டிரெய்லர் இந்தப் பக்கம் அபூர்வம். பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தினால், "ஐஸ்கிரீம் வண்டியா?" என்று ஒருவர் கேட்பார். "கண் சிகிச்சை முகாமா?" என்று இன்னொருவர் கேட்பார். கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டுவிட்டது. ஆனால் அங்கேயும் இங்கேயும் பேச்செல்லாம் ஒரே உடலாக இருக்கும் கேரவன் வேன்களைப் பற்றித்தான். இழுத்துப் போகிற ரகத்துக்கு ஆள் குறைவு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட் வேண்டும். அந்த அலைச்சலைப் பற்றி எழுதினால் வேறு கட்டுரையாகிவிடும்.

இங்கே எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். டிரெய்லரில் இருக்கும் லித்தியம் பேட்டரியை, ஓடும்போதே இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ் செய்ய முடியுமா? முடியும் என்றால் தர்மபுரி வெயிலில், தர்மபுரி தூரங்களுக்குள், அது எவ்வளவு உபயோகம்? சோதனைக்குக் கிடைத்தது மாமா பையனின் பிஎஸ்-6 டீசல் பிக்கப், பட்டறையில் செய்த ஒற்றை அச்சு டிரெய்லர், அதற்குள் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நடுவே விக்ட்ரான் கம்பெனியின் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30 என்ற டிசி-டிசி சார்ஜர். நெதர்லாந்துக் கம்பெனி அது. 1975-லிருந்து படகுகளுக்கும் கேரவன்களுக்கும் மின்சாதனம் செய்கிறது. இந்தியாவுக்கு வந்து சேரும்போது விலை கையைச் சுடும். நான் பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை இதற்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

"எதுக்குண்ணா இவ்ளோ செலவு? டைனமோவுல இருந்து நேரா ஒரு வயர் இழுத்து விட்ருவேன், நடுவுல ஒரு ரிலே போட்டா போதும்" என்றார் பென்னாகரம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் தம்பி. பழைய ஈய-அமில பேட்டரியாக இருந்தால் அவர் சொன்னது சரி; பல ஆண்டுகளாக எல்லாரும் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஈய-அமில பேட்டரி நிறைய நிறையத் தானாகவே கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு அந்த அடக்கம் கிடையாது. அதன் உள்தடை மிகக் குறைவு. டைனமோ எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையும் கடைசி வரை வாங்கிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டைனமோவின் விசிறி நன்றாகச் சுற்றுவதால் சமாளித்துவிடலாம். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும்போதுதான் ஆபத்து: விசிறி மெதுவாகச் சுற்றும், கரண்ட் மட்டும் குறையாது, சுருள் கருகும். இதே விக்ட்ரான் கம்பெனி தன் ஆய்வுக்கூடத்தில் குறைந்த வேகத்தில் ஒரு டைனமோவை லித்தியத்தோடு நேராக இணைத்து, அது புகைவதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறது. தம்பியிடம் போனில் அதைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, பெட்டிய குடுங்க" என்று கை நீட்டினார்.

அவர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஏதாவது ஒரு செல் அளவு மீறினால் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்துவிடுவான். முழு வீச்சில் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் டைனமோவிலிருந்து சுமையைத் திடீரென்று பிடுங்கினால் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறும். டயோடுகளோ வண்டியின் கம்ப்யூட்டரோ அடி வாங்கலாம். டிசி-டிசி சார்ஜர் நடுவில் இருந்தால் அந்த அடி வண்டிப் பக்கம் போகாது.

மூன்றாவது காரணம் பிஎஸ்-6 என்ற புகை விதி. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற வண்டிகள் பலவற்றில் டைனமோ ஒரே வோல்ட்டேஜில் நிற்பதில்லை. எரிபொருளை மிச்சம் பிடிக்க வண்டியின் கம்ப்யூட்டரே அதை ஏற்றி இறக்குகிறது. இதைக் கண்ணால் பார்க்கத் தொப்பூர் கணவாயைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் இல்லை. தர்மபுரியில் ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் 14.4. நாலுவழிச் சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடியதும் 12.8-க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பேட்டரி நிறைந்துவிட்டது, இனி டைனமோவுக்கு ஓய்வு என்பது வண்டியின் கணக்கு. கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது அதே மீட்டர் 14.8-க்குத் தாவியது. இறக்கத்தில் சக்கரம் இலவசமாகத் தரும் சுழற்சியை வண்டி கரண்ட்டாக்கி அள்ளிக்கொள்கிறது. இரட்டைப் பாலம் தாண்டிச் சமதளம் வந்ததும் மீண்டும் 12.8. சேலத்திலிருந்து திரும்பி மேடு ஏறும்போது இன்னும் கொஞ்சம் சரிந்தது. 12.8 வோல்ட்டை வைத்து லித்தியத்தை நிரப்ப முடியாது. முழுக்க நிறைய அதற்கு 14 வோல்ட்டை ஒட்டி வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்த ஒரு பழைய பொலேரோவில் இந்த ஆட்டம் இல்லை, ஊசி 14-ஐ ஒட்டியே நின்றது. புது வண்டிக்காரர்களுக்கு ரிலே போட்டுத் தப்பிக்கும் வழி இல்லவே இல்லை. உள்ளே வருவது 11 ஆனாலும் 15 ஆனாலும் வெளியே 14.2 கொடுக்கும் பெட்டி வேண்டும். ஓரியன் செய்வது அந்த வேலையைத்தான்.

பெட்டி கையில் கனமாக இருக்கிறது, ஏறக்குறைய 1.8 கிலோ. நீல நிறம், பின்னால் அலுமினியத் துடுப்புகள். உள்ளே விசிறி இல்லை. சத்தம் இல்லை, தூசி இழுப்பதும் இல்லை. நாலு திருகு முனைகள், ஓரத்தில் ரிமோட்டுக்கு ஒரு சின்னச் சாக்கெட். மற்றதெல்லாம் போனில், புளூடூத் வழியாக. ஆப்பைத் திறந்து ஆறு பூஜ்யம் பின் நம்பர் போட்டால் உள்ளே விடும் (முதல் வேலையாக அதை மாற்றுங்கள், பக்கத்தில் நிற்கிறவரும் உள்ளே வரலாம்). பேட்டரி வகையில் லித்தியம் என்று தேர்ந்தெடுத்ததும் 14.2 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.5-ல் பிடித்து வைக்கும் கணக்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடுகிறதா என்பதை வரும் வோல்ட்டேஜைப் பார்த்தே ஊகித்து, நின்றுவிட்டால் தானும் நின்றுகொள்ளும். வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியை இரவோடு இரவாக உறிஞ்சிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஆப்பில் ஒரு பெரிய ஓட்டை. உள்ளே வரும் வோல்ட்டேஜ், வெளியே போகும் வோல்ட்டேஜ், சார்ஜின் நிலை எல்லாம் காட்டுகிறது. எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும் காட்டாது. சார்ஜரிடம் ஒருவன் கேட்க விரும்புகிற ஒரே கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. கிளாம்ப் மீட்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், அல்லது பேட்டரியின் பிஎம்எஸ் ஆப்பைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். 2023-ல் அதே கம்பெனி வெளியிட்ட ஓரியன் எக்ஸ்எஸ் 12/12-50 இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது வயருக்கு வருவோம். பிக்கப்பின் பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து சேஸிஸ் ஓரமாக, பின் பம்பர் தாண்டி, டிரெய்லரின் மூக்குக் கம்பி வரை அளந்தால் ஏழு மீட்டர். போக ஏழு, வர ஏழு. டிரெய்லர் செய்த பட்டறையில் லைட்டுக்கான ஏழு முனை பிளக்கிலேயே ஒரு முனையில் பேட்டரி சார்ஜுக்கும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்துக் கொடுத்திருந்தார்கள். 'எல்லாம் ரெடி சார், மாட்டினா ஏறும்.' மாட்டினேன். பானெட்டில் 14.2, டிரெய்லரில் சார்ஜரின் வாயில் 12-க்கும் கீழே. சார்ஜர், எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துத் தானும் நின்றது. சுமை போனதும் வோல்ட்டேஜ் மீண்டது. ஓ, எஞ்சின் ஓடுகிறது என்று சிறிது நேரம் பொறுத்துத் திரும்பத் தொடங்கியது. உடனே வோல்ட்டேஜ் சரிந்தது, திரும்ப நின்றது. ஒகேனக்கல் வரை இதே கதை. இண்டூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் கொதித்தது. அந்தப் பிளக் பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் பிறந்தது. 30 ஆம்பியர் அதற்கு மேல்சுமை. ஐரோப்பாவில் கேரவன்களுக்கு வரும் 13 முனை பிளக்கில் எப்போதும் உயிரோடு இருக்கும் சப்ளைக்கு ஒன்பதாம் முனை, இக்னிஷனோடு வரும் சப்ளைக்குப் பத்தாம் முனை என்று ஒதுக்கி, இரண்டுக்கும் தனித்தனி எர்த்தும் வைத்திருக்கிறார்கள். அவர்களும் பெரிய சார்ஜர் என்றால் அதை நம்பாமல் தனி கேபிள்தான் இழுக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் யார் மேலும் கோபம் வராது. செம்பில் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுக்கு மீட்டருக்கு 17.5 மில்லி ஓம் தடை. 4 ஸ்கொயரில் பதினாலு மீட்டருக்கு 61 மில்லி ஓம். 33 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே காலி. 6 ஸ்கொயர் போட்டாலும் 1.3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 25 ஸ்கொயர் போட்டால் 0.3 வோல்ட்டுதான் இழப்பு. இதில் ஒரு நச்சுச் சுழல் வேறு இருக்கிறது. டிசி-டிசி சார்ஜர் கேட்பது குறிப்பிட்ட வாட். வோல்ட்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்காகக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும், கூடுதல் ஆம்பியரால் வயரில் இன்னும் வோல்ட்டேஜ் விழும். ஒல்லி வயரில் பெரிய சார்ஜர் மாட்டினால், சின்ன சார்ஜர் தருவதைவிடக் குறைவாகக்கூடக் கிடைக்கும்.

25 ஸ்கொயர் வயருக்குக் கேரவன் கடையைத் தேட வேண்டாம். வெல்டிங் கேபிள் போதும். எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இழை மெல்லியதாக இருப்பதால் வளைந்து கொடுக்கும், அதிர்வுக்கும் தாங்கும். ஆனால் வாங்கும் முன் ஒரு இழையை உருவி பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளை என்றால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். நான் கேட்ட முதல் கடையில் எடுத்து வைத்தது அந்த வகைதான். "எல்லாரும் இதத்தான் சார் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர். எல்லாரும் ஐந்து நிமிடம் வெல்டிங் அடிக்க வாங்குகிறார்கள். எனக்கு மணிக்கணக்கில் ஓட வேண்டும். அடுத்த கடையில் சுத்தச் செம்பு கிடைத்தது. விலையைக் கேட்டு மாமா பையன், "இதுக்கு ஒரு ஜெனரேட்டரே வாங்கியிருக்கலாமே மாமா" என்றான்.

நெகட்டிவுக்கும் தனி கேபிள் இழுத்தோம். 'பாடி எர்த்து இருக்கே, கொக்கி வழியா போயிரும்' என்பது பட்டறை வழக்கம். கிரீஸ் தடவி, துரு பிடித்து, குழியில் விழுந்தால் குலுங்கும் உருண்டைக் கொக்கி 30 ஆம்பியரை நம்பி ஒப்படைக்கிற இடமா? பிளக்குக்குப் பேட்டரி ஆட்டோக்களில் சார்ஜருக்குப் போடுகிற ஆண்டர்சன் வகை கனெக்டர், 50 ஆம்பியர். பக்கத்து மாவட்டத்தில் ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் வந்த பிறகு இந்த மாதிரிச் சாமான்களும், லித்தியம் என்றால் பயப்படாத கைகளும் சுற்றுவட்டாரத்தில் தட்டுப்படத் தொடங்கியிருக்கின்றன. ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும். வண்டிப் பக்கம் ஒரு பேட்டரி, டிரெய்லர் பக்கம் ஒரு பேட்டரி. நடுவில் கேபிள் உரசி ஷார்ட் ஆனால் இரண்டுமே அதற்குள் கொட்டும். பெரும்பாலானவர்கள் வண்டிப் பக்கம் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

எஞ்சின் ஊகிக்கும் தொல்லைக்கு மருந்து சாதாரணம். ரிமோட் சாக்கெட்டுக்கு இக்னிஷனிலிருந்து ஒரு மெல்லிய வயரைக் கொண்டுவந்து, சாவி திரும்பினால் சார்ஜ், அணைத்தால் நிறுத்து என்று வைத்துவிட்டோம். 12.8-ல் தூங்கும் பிஎஸ்-6 டைனமோவோடு இதைத் தவிர வேறு வழி ஒத்துவரவில்லை. சார்ஜர் இழுக்கத் தொடங்கியதும் வண்டியின் கம்ப்யூட்டர் சுமையைக் கண்டுகொண்டு வோல்ட்டேஜைக் கொஞ்சம் தூக்கியும் கொடுத்தது.

அடுத்த எதிரி வெயில். இந்தப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 30 ஆம்பியரைப் படித்து ஏமாறக் கூடாது. கம்பெனியின் சொந்த அட்டவணைப்படியே 25 டிகிரியில் 430 வாட், 40 டிகிரியில் 360 வாட். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 3 சதவீதம் குறையும். 55 டிகிரி எல்லை. நெதர்லாந்தில் 40 டிகிரி என்றால் செய்தி. தர்மபுரியில் அது சித்திரை மாதம். அதுவும் வெளிக்காற்றின் கணக்கு. டிரெய்லரின் மூக்கில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள், கதவை மூடி, வெயிலில் ஓடினால் உள்ளே 50-ஐத் தாண்டிவிடுகிறது. அப்போது மிஞ்சுவது ஏறக்குறைய 250 வாட், அதாவது 18, 19 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரும் அதைத்தான் சொன்னது. விடிகாலையில் கிளம்பியபோது 27 காட்டிய மீட்டர், நண்பகலில் 19-ல் நின்றது. பெட்டியின் திறமையும் 87 சதவீதம்தான். 360 வாட் வெளியே வர, 50 வாட்டுக்கு மேல் சூடாகவே போகிறது. மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு தன்னையே வேகவைத்துக்கொள்ளும். இரும்புப் பெட்டியின் பக்கச் சுவரை வெட்டி, வலை அடித்து, சார்ஜரைத் தடித்த அலுமினியத் தகட்டில் செங்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டதும் நண்பகல் கணக்கு 24-க்கு ஏறியது. இருநூறு ரூபாய் தகரவேலை செய்த உபகாரம்.

பேட்டரிக்கும் வெயில் ஆகாது. குளிர்நாட்டுக்காரர்கள் லித்தியத்தைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு வத்தல்மலை உச்சியில் மார்கழியிலும் அந்தக் கவலை இல்லை. நம் கவலை மேல்முனை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதைத் தவிர்ப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. ஆகவே பேட்டரி மூக்குப் பெட்டிக்குள் வேண்டாம்; உள்ளே, கட்டிலுக்கடியில், தரையோடு. மற்றபடி இரும்பு பாஸ்பேட் ரகம் சூட்டைத் தாங்கும் சாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதி (Padhi), நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகியோர் 1997-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இந்த ரகம். அதற்குப் பாதை போட்ட எண்பதுகளின் ஆய்வில் குட்எனஃபோடு இருந்தவர் மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த நம் ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவருக்காக உரை நிகழ்த்தியவரும் இவரே. ஒகேனக்கல் பரிசல் துறையருகே கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டியில் ஒரு மதுரை வாசம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? ஒரு இரவுக் கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நம்மூர்ச் சூட்டில் இரவெல்லாம் ஓடினால் 350 வாட்-மணி. ஆளுக்கொரு பிஎல்டிசி ஃபேன், இரண்டும் சேர்ந்து 450. லைட்டும் செல்போனும் 60. மொத்தம் 860, அதாவது பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். டிரெய்லரோடு, கடைசிக் காட்டு இறக்கத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். காலை நேரமாக இருந்தால் 450 வாட்-மணி ஏறும், மதியமென்றால் 350-க்குப் பக்கம். எப்படிப் பார்த்தாலும் ஒரு ராத்திரிச் செலவில் பாதியைச் சுற்றித்தான் நிற்கிறது. அரூர் வழியாகத் தீர்த்தமலை போனாலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. நம் மாவட்டத்துக்குள் சுற்றுகிறவனுக்குச் சாலை போதவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து அடுத்த பங்குக்குப் போவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு ஒகேனக்கல் வருகிற குடும்பத்துக்கும் நிறைந்துவிடும். தர்மபுரிக்காரனுக்கு நிறையாது.

அப்படியானால் கூரைமேல் சோலார் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீரும், வெயிலில் நிறுத்தினால். 200 வாட் பேனல் நல்ல நாளில் 800 வாட்-மணிக்கு மேல் தரும். இந்த ஓட்டத்தில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் சித்திரையில் தர்மபுரியில் எவன் வெயிலில் வண்டியை நிறுத்துவான்? புளியமரத்தடி தேடித்தான் ஓட்டுவான். குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போனால் இடமே மரத்தடிதான். நிழலில் படுத்த பேனல் ஒன்றும் தராது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படியே. அந்த நாட்களில் இழுக்கும் வண்டிதான் காப்பாற்றுகிறது. இரவு எட்டு மணிக்கு மழையோடு போய்ச் சேர்ந்தாலும் ஃப்ரிட்ஜில் மீன் கெடாது, ஃபேன் ஓடும் என்ற தெம்பு ஓட்டத்தில் ஏறிய 450 வாட்-மணியால் வருகிறது. சோலாரைப் பிரதானமாகவும் இதைத் துணையாகவும் வைத்துக்கொள்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஊர்க்கணக்கைச் சரிக்கட்டும். இது ஒன்றை மட்டும் நம்பினால் இரண்டாம் நாள் ராத்திரி விசிறி நிற்கும்.

நிறுத்தின இடத்திலேயே எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு ஏற்றலாமே என்று மாமா பையன் ஒரு யோசனை சொன்னான். பரிசல் துறைப் பார்க்கிங்கில் சிலர் ஏசிக்காகச் செய்வதையும் பார்க்கலாம். மணிக்கு முக்கால் லிட்டர் டீசல் எரித்து, கிடைப்பது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். யூனிட் 190 ரூபாய் விழுகிறது. ஈபிகாரன் அந்த விலையைக் கேட்டால் ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம். ஓடும்போது அப்படியில்லை. எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இந்தச் சுமை ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். டீசல் கணக்கில் அது தெரியவே தெரியாது.

வேறு சிலர் வண்டியில் ஒரு இன்வெர்ட்டரை வைத்து, 230 வோல்ட்டாக்கிப் பின்னால் அனுப்பி, டிரெய்லரில் சாதாரண சார்ஜரைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒல்லி வயர் போதும், செலவும் குறைவு. இரண்டு இடத்தில் இழப்பு, அது பரவாயில்லை. ஆனால் மழையில் நனைந்து சேறு அடிக்கும் கொக்கிப் பக்கம் 230 வோல்ட்டைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர் எதை வாங்குவது? விலை கட்டுப்படியானால் ஓரியன் எக்ஸ்எஸ் 12/12-50. அதன் 50 ஆம்பியருக்காக இதைச் சொல்லவில்லை. 98.5 சதவீதத் திறமை என்பதால் சூடாகப் போவது மிகக் குறைவு. எடை 330 கிராம்தான். ஆம்பியரையும் ஆப்பில் காட்டுகிறது. உள்ளே வரும் கரண்ட்டுக்கு எல்லை கட்டும் வசதியும் இருப்பதால், 25 ஸ்கொயர் வயரில் 30, 35 ஆம்பியருக்குப் பிடித்து வைத்து ஓட்டலாம். நண்பகல் வெயிலிலும் அது பிடிவாதமாக நிற்கும் என்பது அந்தத் திறமைக் கணக்கைப் பார்த்து நான் சொல்வது. சித்திரையில் மாட்டிப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன். ஏற்கெனவே ஓரியன்-டிஆர் வைத்திருப்பவர் அதை மாற்ற வேண்டாம். காற்றோட்டம் கொடுத்து, வயரை மாற்றுங்கள். பிஎஸ்-4 வரையிலான பழைய வண்டியும் ஈய-அமில பேட்டரியும் வைத்திருப்பவருக்கு இரண்டுமே தேவையில்லை, பென்னாகரம் ரோடு தம்பி சொன்ன ரிலேவே போதும். வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் மட்டும் கிளம்புகிற வண்டி என்றால் வீட்டிலேயே ஈபி கரண்ட்டில் முழுக்க ஏற்றிக்கொண்டு, 100-க்குப் பதில் 200 ஆம்பியர்-மணி பேட்டரியாக வாங்கிவிடுவது மலிவு.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஆண்டர்சன் கனெக்டரை வாங்கும்போது ரப்பர் மூடியையும் கேட்டு வாங்குங்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப் மட்டும் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் நாட்களில், பின் பம்பருக்கடியில் திறந்து கிடக்கும் அந்த வாயில் செம்மண் புகுந்துவிடும். மண்ணேறிய முனை சூடாகும். மாட்டும் முன் பழைய டூத் பிரஷால் ஒரு தேய்ப்பு, ஓட்டி நிறுத்தியதும் கையால் தொட்டு ஒரு பார்வை. வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை சுட்டால் கேபிள் முனையில் இருக்கும் லக்கைத் திரும்ப அடிக்க வேண்டும்.